ஆசிரியருக்கு என்ன கொடுப்பது?

பள்ளிக்கூட ஆண்டு முடிவடையும் காலத்தில் நம் குடும்பங்களில் தவறாமல் எழுகின்ற வினா ஒன்று உண்டு. குழந்தைக்கு ஓராண்டு முழுவதும் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியருக்கோ ஆசிரியைக்கோ நாம் ஏதேனும் கொடுக்க வேண்டாமா? கொடுப்பதாயின் என்ன கொடுப்பது? எவ்வளவில் கொடுப்பது? கொல்கத்தாவில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு டிசம்பரில் ஆண்டு முடிகின்றது. மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் மார்ச்சில் முடிகின்றது. ஆகவே ஆண்டில் இருமுறை இந்தப் பேச்சு நம்மிடையே எழுவது இயல்பே. இம்மாதம் இப்பகுதியில் இதனைச் சற்று விரிவாக ஆராய எண்ணுகிறோம்.

சொந்த ஊரில் வாழ்வோர்க்கு இவ்வினா அவ்வளவு இடர் தருவதில்லை. ஊர் வழக்கம் அவர்களுக்குத் தெரியும். ஆசிரியரின் குடும்பமும் தெரிந்திருக்கும். குடிபெயர்ந்து வந்த நமக்கோ அப்படி அன்று. நம் குழந்தைகளின் ஆசிரியர்களுட் பெரும்பாலோர் வங்காளிகள். அவர்கள் வீட்டுப் பழக்கவழக்கங்களை நாம் முழுதும் அறியோம். குறைவாகக் கொடுத்தால் நன்றியற்றவர் என்று எண்ணுவார்களோ என்ற அச்சம் ஒரு பக்கம். மிகுதியாகக் கொடுத்தால் காரியம் கருதிக் கொடுப்பதாக நினைப்பார்களோ என்ற கூச்சம் மற்றொரு பக்கம். போதாக்குறைக்கு, வகுப்பில் தமிழ்க் குழந்தைகள் ஒன்றிரண்டு பேரே இருக்கும்போது, ஒரு குடும்பம் செய்வது தென்னாட்டார் அனைவரும் செய்வதாகவே கணக்கில் வைக்கப்படுகின்றது.

இவற்றையெல்லாம்விடக் கவலைக்குரியது வேறொன்று. ஒரு வகுப்பில் நாற்பது குழந்தைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் கடைசி நாளன்று ஒரு குழந்தை பெரிய காகிதப் பை நிறையப் பொருள் கொண்டுவருகிறது. மற்றொன்று வெள்ளிக் கிண்ணம் கொண்டுவருகிறது. இன்னொன்று வெறுங்கையோடு வந்து, மேசைமேல் குவியும் பொருள்களைப் பார்த்துக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கிறது. நம்மவருள் வங்கி அதிகாரிகளும் கம்பெனி மேலாளர்களும் உண்டு. மெஸ்ஸில் சமையல் செய்வோரும், வண்டி ஓட்டுவோரும், மருத்துவமனைகளில் செவிலியராய் இருப்போரும் உண்டு. அப்பின்வரிசைக் குழந்தை நம் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். பரிசுப் பொருளை நாம் பெரியோர் கண்கொண்டே பார்க்கிறோம். குழந்தையின் கண்ணுக்கு அஃது எப்படித் தோன்றும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும் அன்றோ?

ஆசிரியர்க்குப் பொருள் கொடுப்பது நமக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஆசிரியர் இயல்பையும் மாணவர் இயல்பையும் பாயிரத்திலேயே விரிவாகப் பேசுகின்றது. எவர் எவர்க்குப் பாடம் சொல்லலாம் என்று வரிசைப்படுத்துமிடத்தில், வழிபடுவோனுடனும் சொன்னதை விரைந்து கொள்ளும் அறிவுடையவனுடனும் பொருளை மிகுதியாகத் தருவோனையும் சேர்த்தே கூறுகின்றது. ஆசிரியராகத் தகாதவரைச் சொல்லும்போது முடத்தெங்கு என்றோர் உவமையைக் காட்டுகின்றது. ஒருவர் தோட்டத்தில் நீருண்டு வளர்ந்து, வளைந்துபோய் அடுத்தவர் தோட்டத்தில் காயை உதிர்க்கும் தென்னையே முடத்தெங்கு. தம்மை வழிபட்டுப் பலவகையிலும் உதவியவனை விட்டுவிட்டுப் பிறர்க்குக் கல்வியைக் கொடுப்பவர் அதனைப் போன்றவராம். கொடுத்தவனுக்குக் கல்வி கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் வெளிப்படையாகவே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

இதில் குறைகாண வேண்டியதில்லை. அக்காலத்து ஆசிரியர்க்கு மாதச் சம்பளம் ஏது? பின்னாளில் நம் பாட்டனார் காலம்வரை நடந்த திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் பெற்றோர் கொடுக்கும் காசும் நெல்லுமே உபாத்தியாயரின் வருவாய். நவராத்திரி நாட்களில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகச் சென்று, கிடைத்ததை உபாத்தியாயரிடம் சேர்ப்பார்கள். விஜயதசமியன்று புதிதாகப் பள்ளியிற் சேரும் பிள்ளையின் வீட்டார் தட்சிணையும் வேட்டியும் வைத்துக் கொடுப்பார்கள். அவையெல்லாம் நன்றிக்கு அடையாளமாக இருந்ததோடு, அவர் வீட்டு அடுப்பு எரிவதற்கும் உதவின. அந்நாளில் வெகுமதியும் கூலியும் ஒன்றாகவே கலந்திருந்தன.

இந்நாளில் நிலைமை மாறிவிட்டது. ஆசிரியர்க்குப் பள்ளிக்கூடம் சம்பளம் கொடுக்கிறது. பெற்றோர் கட்டணமாகவோ வரியாகவோ அதனைச் செலுத்துகின்றனர். ஆகவே நாம் ஆண்டிறுதியில் கொடுப்பது கூலியாகாது, நன்றி மட்டுமே. நன்றியென்று சொல்லிக்கொண்டு நாம் வேறெதையேனும் கொடுத்துவிடக் கூடாது என்பதே இங்குக் கருதவேண்டிய முதற் செய்தி.

மேலே சொன்ன நன்னூலே நல்லாசிரியர்க்கு நான்கு உவமைகளைச் சொல்கின்றது: நிலம், மலை, நிறைகோல், மலர். இவற்றுள் நம் பொருளுக்கு மிகவும் பொருந்துவது நிறைகோல். நிறைகோலாவது தராசு. எந்தத் தட்டில் எது இருந்தாலும் உள்ளபடி காட்டுவதே அதன் இயல்பு. ஐயத்தைத் தீர்த்தலும் நடுவுநிலை பிறழாமையும் ஆசிரியர்க்கு இருத்தல் வேண்டும் என்பதே இவ்வுவமையின் கருத்து. ஒரு குழந்தைக்கு எத்தனை மதிப்பெண், எந்தக் குழந்தை முன்வரிசை, நாடகத்தில் எவர்க்கு எந்த வேடம், எவரைக் கண்டிப்பது, எவரைத் தட்டிக்கொடுப்பது என்று நாள்தோறும் பத்துமுறை நிறுத்துப் பார்ப்பவர் ஆசிரியர். நாம் கொடுக்கும் பொருள் அத்தராசின் தட்டில் போய் விழக்கூடாது. ஆசிரியர் நேர்மையானவராகவே இருக்கலாம். பெரும்பாலோர் அப்படியே இருக்கின்றனர். ஆயினும் பிறகு நம் குழந்தைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தால், அது தன் உழைப்பால் வந்ததா, அப்பா கொடுத்த பொருளால் வந்ததா என்ற ஐயம் மற்றக் குழந்தைகளுக்கு வரும். நாளடைவில் நம் குழந்தைக்கே வரும். உழைத்துப் பெற்ற மதிப்பெண்ணை ஐயத்துக்குரியதாக்குவதைப் போல் ஒரு குழந்தைக்குச் செய்யும் தீங்கு வேறில்லை.

சட்டமும் இதனைக் கருதியே இருக்கின்றது. நம்மவருள் மத்திய அரசுப் பணியில் உள்ளோர் பலர் பாலிகஞ்சு, போர்ட் வில்லியம் முதலிய இடங்களிலுள்ள கேந்திரிய வித்யாலயங்களுக்குக் குழந்தைகளை அனுப்புகின்றனர். அப்பள்ளி ஆசிரியர்களுக்கு மத்திய அரசு ஊழியர்க்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் பொருந்தும். குறித்த மதிப்புக்கு மேற்பட்ட வெகுமதியை இசைவு பெறாமல் ஏற்றல் ஆகாது என்பது அவ்விதி. அதே விதி, தற்செயலாக ஒருவேளை உண்பதையும் சிறு உபசாரத்தையும் வெகுமதியாகக் கருதுவதில்லை. அரசு அலுவலகத்தில் பணிபுரியும் நம் அன்பர்கள் தமக்கும் இதே விதி உண்டென்பதை அறிவார்கள். தம்மால் ஏற்க முடியாத பொருளைப் பிறர்க்குக் கொடுத்து அவரைச் சங்கடத்தில் ஆழ்த்துவது முறையாகுமா? தனியார் பள்ளிகளிற் பல, பரிசு எதுவும் வேண்டா என்று பெற்றோர்க்கே எழுதிவிடுகின்றன. அத்தகைய பள்ளியில் அச்சொல்லை மதிப்பதே முதல் மரியாதை.

பிற நாடுகளிலும் இதனை ஆராய்ந்திருக்கின்றனர். தென்கொரியாவில் மே 15 ஆசிரியர் நாள். அன்று மாணவர்கள் ஆசிரியரின் சட்டையில் கார்னேஷன் மலரைக் குத்துவது நெடுநாள் வழக்கம். பெற்றோர் தரும் பணமும் விலையுயர்ந்த பொருள்களும் அளவு மீறியதால், 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆசிரியர்களையும் சேர்த்தனர். அதன்பின் தனியொரு மாணவர் மலர் கொடுப்பதும் கூடாதென்றாயிற்று. மாணவர் தலைவர் எல்லார் முன்னிலையிலும் அனைவர் சார்பிலும் கொடுக்கலாம் என்று விட்டனர். ஒரு மலருக்கும் இவ்வளவு கட்டுப்பாடா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் மலரை அவர்கள் விலக்கவில்லை. தனித்துக் கொடுப்பதையே விலக்கினர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் ஒரு பெற்றோரிடமிருந்து 50 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள பொருளை ஏற்கலாகாது. ஆனால் வகுப்பார் எல்லாரும் சேர்ந்து கொடுத்தால் 150 டாலர் வரை ஏற்கலாம். எவர் எவ்வளவு கொடுத்தார் என்பது ஆசிரியர்க்குத் தெரியக்கூடாது என்பதே அதற்கு நிபந்தனை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் நாம் கடைப்பிடிக்கத் தக்க மூன்று நெறிகள் புலனாகும்.

முதலாவது, காலம். தேர்வுக்கு முன்போ, மதிப்பெண் போடும் நாட்களிலோ எதுவும் கொடுத்தல் ஆகாது. முடிவுகள் வெளியாகி, குழந்தை அடுத்த வகுப்புக்குப் போவது உறுதியான பின்பு கொடுப்போம். தராசைக் கீழே வைத்தவர்க்குக் கொடுப்பதில் எவருக்கும் ஐயம் எழாது. இரண்டாவது, அளவு. ஆசிரியர் மனக்கூச்சமின்றி வாங்கிக்கொள்ளவும், வகுப்பில் எந்தக் குழந்தையின் வீட்டாரும் தாமும் இதனைக் கொடுக்க முடியும் என்று எண்ணவும் தக்கதாக அஃது இருத்தல் வேண்டும். மூன்றாவது, கூட்டு. பொருளாகக் கொடுப்பதானால் வகுப்பார் சேர்ந்து கொடுப்பதே சிறப்பு. ஓர் உறையைச் சுற்றுக்கு விட்டு, இயன்றவர் இயன்றதைப் பெயரெழுதாமல் இடட்டும். இயலாதவர் வெறுமனே அடுத்தவரிடம் தள்ளட்டும். வாழ்த்துமடலில் மட்டும் நாற்பது குழந்தைகளின் கையெழுத்தும் இருக்கவேண்டும். தொகை இவ்வளவென்று முன்னதாகவே விதித்து, கொடுக்காதவர் பெயரைத் தொலைபேசிக் குழுவில் வெளியிடும் வழக்கம் சில இடங்களில் நடக்கிறதென்று கேள்விப்படுகிறோம். அது வரி வசூலேயன்றி நன்றி ஆகாது.

இனி, எவை கொடுக்கத் தக்கவை என்று பார்ப்போம்.

எல்லாவற்றிலும் முதலிடம் பெறத்தக்கது குழந்தை தன் கையால் எழுதிய கடிதம். இதற்குச் செலவில்லை என்பதனால் இதனை எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஆசிரியர் பலர் பழைய மாணவர் கடிதங்களை நெடுங்காலம் பெட்டியில் வைத்திருப்பதை நாம் அறிவோம். பரிசாக வந்த பீங்கான் கோப்பைகளை எவரும் அப்படி வைத்திருப்பதில்லை. ஆனால், தாங்கள் நல்ல ஆசிரியர், நன்றி என்று இரண்டு வரி எழுதினால் போதாது. அந்த ஆண்டு நடந்த ஒன்றைக் குறிப்பாக எழுதவேண்டும். பின்னக் கணக்கு விளங்காதபோது காகிதத்தை மடித்துக் காட்டியது, காய்ச்சலில் ஒரு வாரம் வராதபோது விட்டுப்போன பாடத்தை இடைவேளையில் சொல்லிக் கொடுத்தது, நாவில் நுழையாத தமிழ்ப் பெயரைப் பிழையின்றிச் சொல்லப் பழகிக்கொண்டது என்று ஏதேனும் ஒன்று இருக்கும். அது என்ன என்பதைக் குழந்தையே சொல்லட்டும். தாயார் சொல்லிக்கொடுத்து எழுதவைத்தால் ஆசிரியர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்.

வங்காளி கற்ற குழந்தையாயின் அக்கடிதத்தை வங்காளியிலேயே எழுதச் சொல்லலாம். பெரியோர்க்கு எழுதும் கடிதத்தை ஸ்ரீசரணேஷு என்று தொடங்குவது வங்காளத்துப் பழைய மரபு. அத்திருவடிகளில் என்பது அதன் பொருள். எங்கள் பிரணாமத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்துடன் முடிப்பார்கள். வேற்று மொழிக் குழந்தையொன்று தான் கற்பித்த எழுத்தாலேயே பத்து வரி எழுதிக் கொடுக்கும்போது அந்தத் திதிமணிக்கு உண்டாகும் மகிழ்ச்சியை எந்தக் கடையில் விலைக்கு வாங்க முடியும்? இரண்டோர் எழுத்துப் பிழை இருந்தாலும் இருக்கட்டும், திருத்தாமல் கொடுங்கள். கடிதத்தின் அடியில் குழந்தை தன் பெயரைத் தமிழிலும் எழுதலாம்.

அடுத்தது நூல். காலேஜ் தெருவும் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கூடும் புத்தகச் சந்தையும் உள்ள நகரத்தில் வாழ்கிறோம். நூலை மதிக்கும் மக்களிடையே வாழ்கிறோம். சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் தமிழ் நூல்கள் பலவற்றை வங்காளியில் வெளியிட்டிருக்கின்றன. திருக்குறளுக்கும் வங்காளி மொழிபெயர்ப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்றைக் கொடுத்தால் நம் வீட்டுப் பொருளை அவர் மொழியிலேயே கொடுத்ததாகும். இதனினும் சிறந்த வழி ஒன்றுண்டு. ஆசிரியரின் பெயரால் வகுப்பு நூலகத்துக்கு ஒரு நூலைக் கொடுத்து, முதற் பக்கத்தில் இன்ன ஆண்டு இன்ன வகுப்பார் இன்ன ஆசிரியர்க்கு நன்றியாக அளித்தது என்று எழுதி வைக்கலாம். பரிசு எதுவும் வாங்கக்கூடாதென்று விதித்த பள்ளிகளும் இதனைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அடுத்த ஆண்டு வரும் குழந்தைகளும் அதனைப் படிப்பார்கள்.

மூன்றாவது, உண்பொருள். வங்காளிகளுக்கு இனிப்பில்லாத நாள் நன்னாளன்று. டிசம்பரில் ஆண்டு முடியும் பள்ளியாயின், அப்பொழுதுதான் வரத் தொடங்கும் புதுப் பேரீச்ச வெல்லத்தால் செய்த சந்தேஷ் ஒரு சிறு பெட்டி கொடுக்கலாம். மார்ச்சில் அதன் பருவம் போய்விடும். ஆயினும் அவர்கள் ஊர் இனிப்பை அவர்களுக்கே கொடுப்பதைவிட, வீட்டில் செய்த முறுக்கோ தட்டையோ ஒரு டப்பாவில் இட்டுக் கொடுப்பது நயமானது. இனிப்பு விலக்கப்பட்டவர்க்கும் இது பொருந்தும். லேக் மார்க்கெட்டில் அரைத்து வாங்கும் காப்பிப்பொடியை நம்மவர் விரும்பிக் கொடுக்கின்றனர். மணம் நல்லதுதான். ஆனால் அவர்கள் வீட்டில் பில்டர் இருக்குமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். தேநீர் குடிக்கும் வீட்டில் அப்பொடி அலமாரியிலேயே கிடந்து மணம் இழக்கும். கொடுப்பதானால் வகுப்பார் கூட்டாகச் சிறு பில்டரையும் சேர்த்து, எப்படி இறக்குவது என்று நான்கு வரியும் எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

செடி கொடுப்பதும் அழகிய வழக்கம். குளிர்காலத்தில் இந்நகரத்து மாடிகளில் எல்லாம் டேலியாவும் சாமந்தியும் பூத்துக் குலுங்குவதைக் காண்கிறோம். ஒரு தொட்டிச் செடிக்குப் பெரும் செலவு ஆகாது. குழந்தையே ஒரு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த துளசியாகவோ கறிவேப்பிலைக் கன்றாகவோ இருந்தால் இன்னும் நன்று.

வீட்டுக்கு அழைப்பதும் ஒரு வகையில் கொடையே. நம் நவராத்திரியும் வங்காளிகளின் துர்க்கா பூஜையும் ஒரே காலத்தில் வருகின்றன. சஷ்டி முதல் அவர்கள் வீட்டில் ஓயாத வேலை. வெளியூர் செல்வோரும் பலர். ஆகவே கொலுவுக்கு ஆசிரியையை அழைப்பதாயின் முதல் நான்கு நாட்களுக்குள் அழைத்துச் சுண்டலும் வெற்றிலை பாக்கும் கொடுப்பது வசதி. விஜயதசமிக்குப் பின்னோ, பெரியோர் வீடு சென்று வணங்கி இனிப்பு உண்பது அவர்கள் மரபு, பிஜோயா என்பர். நாம் குழந்தையை எழுத்துக்கு வைக்கும் அதே தசமியன்றுதான் அவர்களுக்கும் அவ்வழக்கம் தொடங்குகின்றது. கடந்த ஆண்டு பாடம் சொன்ன மாஸ்டர் மொஷாயின் வீட்டுக்குக் குழந்தையை அழைத்துச் சென்று ஒரு வணக்கம் செய்யச் சொன்னால், இரண்டு மரபுக்கும் அது பொருந்தும்.

கொடுக்கத் தகாதவையும் உண்டு. தங்கம், வெள்ளி, பட்டுப்புடைவை, கைக்கடிகாரம் முதலியவை எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் வாங்குபவரைக் கடனாளியாக்குவன. கடைகளில் விற்கும் பரிசுச் சீட்டு நாகரிகமாகத் தோன்றினும் அது பணமே. தொகையும் அதன்மேல் எழுதப்பட்டிருக்கிறது. தனியொரு குடும்பம் அதனைக் கொடுத்தல் ஆகாது. பிள்ளையார் சிலை, குத்துவிளக்கு முதலியவற்றை ஆசிரியரின் சமயம் அறியாமல் கொடுத்தல் வேண்டா. எவ்வகையாயினும், விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுக்கவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

பள்ளியில் பாடம் சொல்பவரே மாலையில் டியூஷனும் சொல்பவராயின் சிக்கல் மிகுதி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர் தனிப்பாடம் நடத்தலாகாது என்கின்றது. ஆயினும் நடப்பதை நாம் காண்கிறோம். அத்தகையவர்க்கு, ஏற்கெனவே கட்டணம் கொடுத்து வரும் பெற்றோர், ஆண்டிறுதியில் மேலும் பொருள் கொடுப்பது எவ்வாற்றானும் நன்றி என்ற பெயர் பெறாது. வாயால் நன்றி சொல்லி வணங்குவதோடு நிறுத்திக்கொள்வதே தகும்.

தராசைக் கையில் பிடியாத சிலரையும் இங்கு நினைக்கவேண்டும். மாஷி என்று குழந்தைகள் அழைக்கும் ஆயா, வாயிற்காவலர், மழைக்காலத்தில் முழங்காலளவு நீர் தேங்கிய தெருக்களில் குழந்தைகளை வீடு சேர்த்த பூல்கார் ஓட்டுநர் ஆகியோர் மதிப்பெண் போடுபவர் அல்லர்; பலர்க்கு வருவாயும் குறைவு. இவர்களுக்குப் பணமாகக் கொடுப்பதில் யாதொரு பிழையும் இல்லை; அதுவே உதவியுமாகும். ஆசிரியர்க்குப் பொருளும் ஆயாவுக்கு வெறும் புன்னகையும் கொடுப்பது நம் வழக்கமாக இருக்கிறது. அதனை மாற்றி, ஆசிரியர்க்குக் கடிதமும் ஆயாவுக்குப் பொருளுமாகக் கொடுத்தால் இரண்டும் உரிய இடத்தைச் சேரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊதியமின்றி நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருவோரையும் மறத்தல் கூடாது. அவர்களைக் கேட்டால், பிள்ளையை வாரந்தோறும் நேரத்துக்கு அனுப்பினால் போதும் என்பார்கள்.

நன்றி என்பது ஆண்டிறுதியோடு முடிவதன்று என்பதற்கு இந்நகரமே சான்று. டாக்டர் இராதாகிருஷ்ணன் 1921இல் மைசூரை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் அவர் ஏறிய வண்டியை மலரால் அலங்கரித்து, குதிரைக்குப் பதிலாகத் தாங்களே ரயில் நிலையம்வரை இழுத்துச் சென்றனர். அவர் அப்போது மைசூரை விட்டுப் போகிறவர்; இனி அவர்களுக்கு மதிப்பெண் போடப் போகிறவர் அல்லர். அவர் பிறந்த செப்டம்பர் 5ஆம் நாளையே 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

பௌதிக அறிஞர் அப்துஸ் சலாம் 1979இல் நோபல் பரிசு பெற்றார். தேசப் பிரிவினைக்கு முன் லாகூரில் தமக்குக் கணிதம் கற்பித்த அனிலேந்திர கங்குலி இந்தியாவில் எங்கேனும் இருக்கிறாரா என்று கண்டறிய அவர் இந்திய அரசின் உதவியை நாடினார். கங்குலி கல்கத்தாவில் முதுமையால் தளர்ந்து படுத்திருந்தார். 1981 ஜனவரியில் சலாம் அவர் வீட்டைத் தேடி வந்து, அப்பதக்கத்தை அவரிடம் அளித்து, இது தங்கள் கற்பித்தலின் பயனே என்ற கருத்தைத் தெரிவித்தார். நாடும் சமயமும் வேறாகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் வந்து சேர்ந்த காணிக்கை அது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பானது உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம்மிடம் படித்த ஏழை மாணவர் பலர்க்குச் சோறும் இட்டுப் பாடமும் சொன்னவர், 1876இல் மறைந்தார். அவர் மாணவர் உ. வே. சாமிநாதையர் ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின், தம் முதுமையில், ஆசிரியரின் சரித்திரத்தை எழுதி 1933லும் 1934லும் இரு பாகங்களாக வெளியிட்டார். பிள்ளையவர்களைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி அந்நூலால் வந்தது.

நம் பிள்ளைகள் எல்லாரும் நோபல் பரிசு பெறவோ சரித்திரம் எழுதவோ போவதில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில், பாலர் வகுப்பு முதல் குழந்தைக்குப் பாடம் சொன்ன ஒவ்வொருவர் பெயரையும், வகுப்பையும், ஆண்டையும், அவரிடம் கற்றதில் மறக்கமுடியாத ஒன்றையும் எழுதிவரச் செய்யுங்கள். வேலை மாற்றலால் ஊர்விட்டு ஊர் போகும் நம் போன்ற குடும்பங்களுக்கு இந்த நோட்டு மிகவும் வேண்டுவது. பள்ளி மாறினாலும் பெயர்கள் தொலைந்துபோகா. ஆண்டுக்கொருமுறை அவர்களுள் ஒருவர்க்கேனும் குழந்தை நான்கு வரி எழுதட்டும். எந்தப் பள்ளி விதியும் அதனைத் தடுக்காது. எந்தக் குழந்தையும் அதற்குப் பணமில்லை என்று பின்வரிசையில் தலைகுனிந்து உட்காரவேண்டியதும் இல்லை.